வடக்கே ஓர் ஊர், தெற்கே ஓர் ஊர்: பழவேற்காடும் மாமல்லபுரமும்

சென்னைக் கோட்டையிலிருந்து கடலோரமாகத் தெற்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் போனால் மாமல்லபுரம். வடக்கே அதே அளவு போனால் பழவேற்காடு. தராசில் முள் நிற்கும் இடத்தில் நகரம். இரு தட்டுகளிலும் இரண்டு பழைய துறைமுகங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தத் தராசு தெற்கே சாய்ந்துவிடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்கள் சுங்கச்சாவடியில் வரிசை கட்டுகின்றன. வடக்கே பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பேருந்தில் மீன் கூடைக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும்தான் பெரும்பாலும் ஏறுகிறார்கள். ஊர் பார்க்கப் போகிறவர் ஓரிருவர் இருந்தால் அதிகம்.

இந்தச் சாய்வுக்கு எளிய விடை ஒன்று உண்டு. தெற்கே பார்க்கச் சிற்பங்கள் இருக்கின்றன, வடக்கே ஏரியும் பறவையும்தானே என்பார்கள். மாமல்லபுரம் கல்லின் ஊர், பழவேற்காடு நீரின் ஊர் என்ற இந்தப் பாகுபாடு பள்ளிச் சுற்றுலாக் காலத்திலேயே நம் மனத்தில் படிந்துவிடுகிறது. இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் பார்த்துவிட்டு வருபவருக்கு இந்தப் பாகுபாட்டின் மேல் ஐயம் பிறக்கும். பிறந்த ஐயம் சரிதானா என்று இரண்டு ஊர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடைபோட்டுப் பார்ப்போம்.

வழி

மாமல்லபுரத்துக்குப் போகும் வழியே பாதிச் சுற்றுலா. முட்டுக்காட்டுப் படகுத்துறை, தட்சிணசித்ரா, முதலைப் பண்ணை, சாளுவன்குப்பத்துப் புலிக்குகை என்று சாலை நெடுக நிறுத்தங்கள். ஊர் வருவதற்குள் பிள்ளைகள் களைத்துவிடுவார்கள். பழவேற்காட்டுக்குப் போகும் வழியில் நிற்கச் சொல்லி யாரும் பலகை வைக்கவில்லை. கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் ஏறினால் எண்ணூரின் புகைபோக்கிகள், மீஞ்சூர், பிறகு பொன்னேரி. அங்கிருந்து வயல்களுக்கு நடுவே ஒரு குறுகிய சாலை. கடைசி சில நிமிடங்களில் வயல் உப்பு நிலமாகிறது, காற்றில் கருவாட்டு வாசனை சேர்கிறது. ஊர் வந்துவிட்டது என்பதை மூக்குதான் முதலில் சொல்லும்.

முதல் பார்வைக்கு இரண்டும் ஒன்றையொன்று அறியாத வழிகள். ஆனால் இரண்டு ஊர்களையும் இணைக்கும் மூன்றாவது வழி ஒன்று இருந்தது. சாலைகளுக்கு முன்னால் அதுதான் முதன்மை வழி. 1806இல் சென்னைக்கு வடக்கே சிறிதாகத் தொடங்கி, 1876-78 பஞ்சத்தில் பசித்த கூலிகளின் கைகளால் நீட்டப்பட்டு, அன்றைய ஆளுநரின் பெயரைப் பெற்ற பக்கிங்காம் கால்வாய் பழவேற்காடு ஏரியைத் தொட்டு, சென்னைக்குள் நுழைந்து, மாமல்லபுரத்தின் மேற்கு ஓரமாக மரக்காணம் நோக்கிப் போகிறது. வடக்கிலிருந்து சவுக்கு விறகு ஏற்றிய தோணிகள் இதில்தான் நகரத்துக்கு வந்தன. தெற்கே போன படகொன்றில்தான் பாரதிதாசன் நண்பர்களோடு ஏறினார்; அந்தப் பயணம் ‘மாவலிபுரச் செலவு’ என்ற பாட்டாயிற்று. இன்று நகருக்குள் அந்தக் கால்வாய் சாக்கடையாகிப் பறக்கும் ரயிலின் தூண்களைத் தாங்குகிறது. ஒரே நீரில் கிடந்த இரண்டு ஊர்களும் இரண்டு வெவ்வேறு சாலைகளின் கடைசி நிறுத்தங்களாகிவிட்டன.

பெயர்

தெற்கூர் அரசனின் பட்டப்பெயரைத் தாங்குகிறது. வடக்கூர் மரத்தின் பெயரை. மாமல்லன் மற்போரில் வல்லவன். வேல மரம் வறண்ட மண்ணில் யாரும் நடாமலே முளைப்பது. ஒன்று ஆணையால் வந்த பெயர், மற்றொன்று தானாக முளைத்த பெயர் என்று சொன்னால் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இரண்டு பெயர்களும் கடலோடிகளின் நாக்கில் பட்ட பாடு மட்டும் ஒன்றே. மாமல்லபுரம் மாவலிபுரமாகி, மகாபலிபுரமாகி, கப்பலிலிருந்து பார்த்த ஐரோப்பிய மாலுமிகளுக்கு ‘ஏழு கோபுரங்கள்’ ஆனது. இன்று கரையில் நிற்பது ஒரு கோயில். மற்ற ஆறும் கடலுக்கடியில் என்ற கதை அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் இன்றும் உயிரோடிருக்கிறது. பழவேற்காடு போர்ச்சுக்கீசியர் வாயிலும் டச்சுக்காரர் வாயிலும் நசுங்கி, ஆங்கிலத்தில் புலிக்காட் ஆயிற்று. புலியும் இல்லை, காடும் அநேகமாக இல்லை.

இங்கே ஒரு வியப்பு. உலகம் சுற்றிய பெயர் எது என்று கேட்டால் மாமல்லபுரம் என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆனால் அயல்மொழி ஒன்றில் அன்றாடச் சொல்லாகவே குடியேறியது பழவேற்காடு. மலாய் மொழியில் கட்டம் போட்ட கைலிக்கு ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். பழவேற்காட்டுத் துறையிலிருந்து போன துணி என்பதே அதன் பொருள். மாலையில் வீட்டுத் திண்ணையில் அதைக் கட்டிக்கொண்டு உட்காரும் மலேசியக்காரர் ஒருவர், தாம் அறியாமலே இந்த ஊரை இடுப்பில் சுற்றியிருக்கிறார். மாமல்லபுரத்தைப் பார்க்க உலகம் வருகிறது. பழவேற்காடோ உலகத்தைத் தேடித் தானே போய்விட்டது.

துறை

இரண்டும் துறைமுகங்கள் என்பதை இரண்டிலும் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. கடற்கரைக் கோயிலைக் கோயிலாகத்தான் பார்க்கிறோம். அது நின்ற இடம் ஒரு துறை என்பதை மறந்துவிடுகிறோம். கடல்மல்லையைப் பாடிய திருமங்கையாழ்வார் மறக்கவில்லை. பொற்குவியலும் களிறுகளும் நவமணிகளும் சுமந்து, பாரத்தால் வளைந்து அசையும் கலங்களை அவர் பாட்டில் காண்கிறோம். பல்லவ மன்னன் இராசசிம்மன் 720இல் சீனத்துக்குத் தூது அனுப்பியவன். 1299 ஆண்டுகள் கழித்து, 2019 அக்டோபரில், சீன அதிபர் இதே கடற்கரைக் கோயிலின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார். அன்று உலகத் தொலைக்காட்சிகள் காட்டியது கல்லை. அந்தச் சந்திப்பை அங்கே பொருத்தமாக்கியது பழைய கடல்வழி.

பழவேற்காட்டின் டச்சுக் காலத் துறை வாழ்வு கிட்டத்தட்ட ஒன்பது நூற்றாண்டுகள் இளையது, ஆனால் கணக்கெழுதி வைக்கப்பட்டது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பியது. கிழக்கே மொலுக்கஸ் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்க வேண்டுமானால் வெள்ளியைவிடச் சோழமண்டலத்துத் துணி நன்றாகச் செல்லுபடியானது, அதற்காகத்தான் வந்தார்கள். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போகும்வரை, இந்தக் கரையில் டச்சுக்காரரின் தலைநகர் பழவேற்காடுதான். அந்தக் கணக்குப் புத்தகங்களில் துணி மட்டும் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் வந்தபோதெல்லாம் ஆயிரக்கணக்கான மனிதர்கள் இங்கிருந்து அடிமைகளாகப் படேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். ஆழ்வார் கண்ட கலங்கள் யானை சுமந்து அசைந்தன. டச்சுக் கலங்கள் ஆளைச் சுமந்து அசைந்தன. ஒப்பிடும்போது ஒன்று அழகாகவும் மற்றொன்று அவலமாகவும் தோன்றுவதில், ஒன்று பாட்டாகவும் மற்றொன்று கணக்காகவும் எஞ்சியதற்கும் பங்கு உண்டு.

சென்னைக்கு இவ்விரண்டில் எது நெருங்கிய உறவு? தூரம் சமம், உறவு சமமில்லை. பழவேற்காட்டில் டச்சுக்காரரோடு பங்கு போட்டு வணிகம் செய்ய முயன்று, முடியாமல் விலகிய ஆங்கிலேயர், அங்கிருந்து வடக்கே ஆர்மகான் போனார்கள். அங்கும் நிலைக்காமல், வடக்கே பழவேற்காட்டு டச்சுக்காரருக்கும் தெற்கே சாந்தோம் போர்ச்சுக்கீசியருக்கும் நடுவே ஒரு மணல்மேட்டை 1639இல் நாயக்கரிடம் பெற்றார்கள். அந்த மணல்மேடுதான் மதராசப்பட்டினம். கெல்ட்ரியா கோட்டைக்கு அப்போது வயது 26. சென்னை பெருமையாகச் சொல்லிக்கொள்வது மாமல்லபுரத்தை. சென்னை பிறக்கக் காரணங்களில் ஒன்று பழவேற்காடு.

வாயில் காப்போர்

இப்போது கல்லுக்கு வருவோம். கல் என்றால் மாமல்லபுரம் என்ற முடிவோடு வந்திருப்பவர், பழவேற்காட்டு டச்சுக் கல்லறையின் வாயிலில் ஒரு கணம் நின்றுவிடுவார். 1656 என்ற ஆண்டைத் தாங்கிய அந்த வாயிலின் இரு புறமும் இரண்டு எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. மண்டையோடும் மணற்கடிகாரமும் அங்கே காவலுக்குத் துணை. உள்ளே வருகிறவனுக்கு அவை சொல்வது ஒன்றே: உனக்கும் நேரம் எண்ணப்படுகிறது.

வாயிலின் இரு புறமும் இருவரை நிறுத்துவது நமக்குப் புதிதா? மாமல்லபுரத்துக் குடைவரைகள் பலவற்றிலும் கருவறைக்கு இரு பக்கமும் துவாரபாலகர் நிற்கிறார்கள். திரண்ட தோள், இடுப்பில் ஊன்றிய கை, கதையின் மேல் சாய்ந்த உடல். பல்லவச் சிற்பி வாயிலில் நிறுத்தியது உடலின் முழுமையை. டச்சுக்காரர் நிறுத்தியது உடல் கழன்ற மிச்சத்தை. ஆனால் வேலை ஒன்றுதான். உள்ளே இருப்பது வேறு உலகம், நிதானித்து நுழை என்று இருவரும் எச்சரிக்கிறார்கள். திரிமூர்த்தி குகையின் காவலரையும் இந்த எலும்புக் காவலரையும் ஒரே வாரத்தில் பார்த்துவிட்டால், பிறகு ஒருவரைப் பார்க்கும்போது மற்றவர் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார்.

உறவு இதோடு முடியவில்லை. டச்சுக்காரர் கல்லறைக் கற்களுக்குத் தம் நாட்டிலிருந்து கல்தச்சரைக் கூட்டிவரவில்லை. சோழமண்டலக் கரையின் கருங்கல்லில், உள்ளூர்ச் சிற்பிகளின் உளியால், டச்சு மொழி எழுத்துகளும் குடும்பச் சின்னங்களும் பூக்கொடி ஓரங்களும் செதுக்கப்பட்டன. அப்படிச் செதுக்கிய கற்கள் கடல் கடந்து படேவியாவரை போயின. மாமல்லபுரத்துக்குச் சில கிலோமீட்டர் தெற்கே சதுரங்கப்பட்டினத்திலும் ஒரு டச்சுக் கோட்டை, ஒரு டச்சுக் கல்லறை, அதே வகைக் கற்கள். படிக்கத் தெரியாத மொழியின் எழுத்துகளை நேர்த்தியாக வெட்டிய அந்தக் கைகள் எந்தப் பரம்பரையின் கைகள் என்பதற்குப் பெயர்ப்பட்டியல் தேவையில்லை. கருங்கல்லோடு பேசத் தெரிந்த கரை இது.

முடிவுறாமை என்ற கோணத்திலும் இரண்டையும் வைத்துப் பார்க்கலாம். ஐந்து ரதங்களில் ஒன்றும் முழுமை பெறவில்லை. மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்த உளி, அடிப்பகுதியில் நின்றுவிட்டது. பாறையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த முரட்டு அடிப்பாகங்கள்தான் வேலை நடந்த முறையை நமக்குக் காட்டுகின்றன. கெல்ட்ரியா கோட்டையோ முழுமை பெற்று, பயன்பட்டு, பிறகு தகர்க்கப்பட்டது. சீமைக்கருவேலம் மூடிய அகழியும் மேடும்தான் மிச்சம். ஒன்று தொடங்கி முடியாதது, மற்றொன்று முடிந்து அழிந்தது. பார்வையாளருக்கு இரண்டும் ஒரே வேலையைத்தான் தருகின்றன: இல்லாததைக் கண்ணால் கட்டி எழுப்பும் வேலை. மாமல்லபுரத்தில் அந்த வேலைக்குக் கல்கி உதவுகிறார். ‘சிவகாமியின் சபதம்’ படித்தவர்கள் அந்த நாவலின் சிற்பி ஆயனரை அங்கே தேடுகிறார்கள், கண்டும் விடுகிறார்கள். பழவேற்காட்டில் தேடுவதற்கு அப்படி ஓர் ஆயனர் இல்லை. இந்தத் தராசின் சாய்வில் அந்த நாவலுக்கும் ஒரு கல் எடை உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது.

கல்லின் கணக்கில் இன்னொன்றும் விடுபடக் கூடாது. பழவேற்காட்டு ஆதிநாராயணப் பெருமாள் கோயில் கருங்கல்லில் இல்லை, பெரும்பகுதி செம்பூரான் கல்லில் நிற்கிறது. துளை துளையாக, இரும்புத் துரு நிறத்தில் இருக்கும் அந்தக் கல்லில் நுண்வேலை செய்வது எளிதன்று. உப்புக்காற்று மாமல்லபுரத்தின் கடற்கரைக் கோயிலில் நந்திகளின் முகத்தை மழுக்கியிருக்கிறது. இங்கே சுவர்களையே தின்றிருக்கிறது. அரிக்கும் காற்று ஒன்றுதான். கல் வேறு, அக்கறை வேறு.

நீர்

பழவேற்காடு என்றால் நீர். இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்முனை நம்மிடம். குளிர்காலத்தில் பூநாரைகள் ஆழமற்ற நீரில் வரிசையாக நின்று, தலையைக் கவிழ்த்துச் சேற்றை அலசும். ஆனால் இந்த ஏரியின் உண்மையான அதிசயம் பறவை அன்று, ‘பாடு’. இறால் கிடைக்கும் நல்ல இடங்கள் சில, வலைக்காரர்கள் பலர். எந்தக் குப்பத்தார் எந்த நாளில் எந்தப் பாட்டில் வலை போடுவது என்பதைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு தலைமுறைகளாக நடந்துவருகிறது. கண்ணுக்குத் தெரியாத வரப்புகள் அந்த நீரில் ஓடுகின்றன. படகில் போகும் நாம் வெறும் தண்ணீரைப் பார்க்கிறோம். ஓட்டுகிறவர் ஒரு வயல்வெளியைப் பார்க்கிறார்.

மாமல்லபுரத்தில் நீர் எங்கே? எங்கும் இருக்கிறது, கல்லுக்குள். அருச்சுனன் தபசு என்றும் கங்கை இறங்கிய காட்சி என்றும் அறிஞர்கள் இன்னும் வழக்காடும் அந்தப் பெரும்பாறையின் நடுப்பிளவில் நாகங்கள் நீந்தி ஏறுகின்றன. பிளவின் மேலே நீர் தேக்கிய தொட்டியின் தடயம் இருக்கிறது. திருநாளில் நீர் திறந்துவிட்டால் கல் நாகங்களின் மேல் உண்மையான அருவி விழுந்திருக்கும். யானைகளும் முனிவர்களும் தவம் செய்யும் பூனையும் திரும்பி நிற்பது அந்த நீரை நோக்கித்தான். அதாவது, மாமல்லபுரத்தின் தலைசிறந்த கல் நீரைப் பற்றியது. நீர் நின்றுபோனதால் நாம் கல்லை மட்டும் பார்க்கப் பழகிவிட்டோம்.

கடலோடு இரு ஊர்களுக்கும் உள்ள வழக்கு இன்னும் சுவையானது. கடற்கரைக் கோயிலைச் சுற்றிப் பெரிய பாறைகள் கொட்டப்பட்டிருக்கின்றன. கடல் உள்ளே வராதிருக்க. பழவேற்காட்டு முகத்துவாரத்திலும் பாறைகள் கொட்டும் வேலை நடந்திருக்கிறது. கடல் உள்ளே வருவதற்காக. அலையும் மணலும் சேர்ந்து முகத்துவாரத்தை அடைத்துவிட்டால் ஏரிக்குள் கடல்நீர் ஏறாது, இறால் குஞ்சு வராது, படகு கடலுக்குப் போகாது. கல்லைக் காக்க அங்கே கடலைத் தடுக்கிறார்கள். வலையைக் காக்க இங்கே கடலை அழைக்கிறார்கள். ஒரே கரையில், ஒரே வகைப் பாறைகள், எதிரெதிர் வேண்டுதல்கள்.

2004 ஆழிப்பேரலை இரு ஊர்களின் குப்பங்களையும் அடித்தது. மாமல்லபுரத்தில் அது தந்த கொடையையும் சொல்கிறோம்: சாளுவன்குப்பத்தில் மணல் விலகி வெளிப்பட்ட பாறைக் கல்வெட்டு, அடுத்த ஆண்டு அகழ்வில் பழைய முருகன் கோயிலுக்கு வழிகாட்டியது. பழவேற்காட்டுப் பக்கம் அலை எதையும் வெளிக்காட்டவில்லை. அங்கே புதைந்தது எதுவும் இல்லை, வாழ்ந்துகொண்டிருந்தவர்கள்தான் இருந்தார்கள்.

அண்டை வீட்டார்

இவ்வளவு பழைமைக்குப் பக்கத்தில் எவ்வளவு புதுமை இருக்க முடியும்? இரு ஊர்களுக்கும் விடை ஒரே மாதிரி. மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கத்தில் ஏறித் தெற்கே பார்த்தால் கல்பாக்கம் அணுமின் நிலையம் தெரியும். அதன் முதல் அலகு வணிக உற்பத்தியைத் தொடங்கிய 1984இல்தான் மாமல்லபுரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளும் தீவு ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாளில் ஊர் பார்க்க வந்தவர்கள் கரையில் கூடி வானத்தை நோக்கிக் கைபேசியை உயர்த்துகிறார்கள். அன்றைக்குக் கடலுக்குப் போகாதீர்கள் என்ற அறிவிப்பு மீனவர்களுக்கு வந்திருக்கும். ஒருவருக்குக் காட்சி, மற்றவருக்கு வேலையில்லா நாள்.

கலங்கரை விளக்கங்களும் இரட்டையர்போல. மாமல்லபுரத்தில் மகிடாசுரமர்த்தினி குகைக்கு மேலே உள்ள உலக்கண்ணீசுவரர் கோயிலின் உச்சியில் தீ மூட்டிக் கப்பல்களுக்கு வழிகாட்டிய காலம் ஒன்று உண்டு. பக்கத்தில் பிறகு கல்லாலான விளக்கம் எழுந்தது, இன்று அதில் டிக்கெட் வாங்கி ஏறலாம். பழவேற்காட்டில் விளக்கம் ஒரு மீனவ ஊருக்கே பெயராகிவிட்டது: லைட் ஹவுஸ் குப்பம். தெற்கே அது பார்க்கும் இடம். வடக்கே அது முகவரி.

பார்க்கும் முறை

மாமல்லபுரம் பார்வையாளருக்காக ஒழுங்கு செய்யப்பட்ட ஊர். புல்வெளி, கம்பிவேலி, விளக்கப் பலகை, வழிகாட்டி, ஒரே சீட்டில் ரதமும் கோயிலும். வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால் தாங்குவதுபோல் படம் எடுத்துக்கொள்ளாதவர் உண்டா? எப்போது போனாலும் அது அங்கேயே இருக்கும். பழவேற்காடோ நேரத்தின் ஊர். விடியலில் வந்தால் ஏலத்தின் கூச்சலும் கூடை கூடையாக நண்டும் மடவையும் இறாலும். மதியம் வந்தால் காய்கிற வலையும் தூங்கும் படகும். பூநாரை தை, மாசியில் இருக்கும், சித்திரையில் தேடினால் கிடைக்காது. மாமல்லபுரத்தைத் தவறவிட முடியாது. பழவேற்காட்டைத் தவறவிடுவது மிக எளிது. அங்கே போய் ‘ஒன்றுமில்லை’ என்று திரும்புகிறவர்கள் பெரும்பாலும் பிழையான மணியில் போனவர்கள்.

கைவேலை இரண்டிலும் உயிரோடிருக்கிறது. மாமல்லபுரத்துத் தெருக்களில் உளிச்சத்தம் கேட்கிறது. 2017இல் அதன் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்பக் கல்லூரி மாணவர்கள் பழைய அளவுகளைப் புதிய கல்லில் பழகுகிறார்கள். பழவேற்காட்டில் முஸ்லிம் குடும்பங்களின் பெண்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து பனையோலையில் கூடையும் பெட்டியும் முடைகிறார்கள். அந்த வேலைக்குச் சத்தம் கிடையாது, தேடிக் கேட்டால்தான் தெரியும். ஒன்று ஆணின் தெருவோரத் தொழில், மற்றொன்று பெண்ணின் உள்முற்றத் தொழில். கல் சிலை வீட்டுக்கு வருவதற்குள் கை வலிக்கும். ஓலைப் பெட்டி கைப்பைக்குள் அடங்கிவிடும்.

ஆபத்திலும் ஒரு சமன். மாமல்லபுரக் கடலில் குளிக்கக் கூடாது என்ற பலகையை மீறி ஆண்டுதோறும் உயிர்கள் போகின்றன. பழவேற்காட்டில் 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து ஊர் பார்க்க வந்த 22 பேர் இறந்தார்கள். அதன்பின் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. இருந்தும் கரையில் நிற்பவரை நோக்கிப் படகுக்காரர் குரல் இன்றும் எழத்தான் செய்கிறது. தடை உள்ள இடத்தில், உயிர்காப்பு உடை இல்லாத படகில் ஏறுவதைவிட, கரையில் நின்று பறவையைப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

தீர்ப்பு

தொடக்கத்தில் எழுந்த ஐயத்துக்குத் திரும்புவோம். மாமல்லபுரம் கல், பழவேற்காடு நீர் என்ற பாகுபாடு தட்டில் நிற்கவில்லை. கடற்கரைக் கோயிலின் வடக்குப் பக்கம் வரிசையாக ஏற்றி நிறுத்திய படகுகளும் வலை பிரிக்கும் கைகளும் உள்ள ஒரு மீனவக் குப்பம் இருக்கிறது. வேலிக்கு இந்தப் பக்கம் படம் எடுப்பவர்கள் அதைப் படச்சட்டத்திலிருந்து கவனமாக விலக்குகிறார்கள். பழவேற்காட்டில் மீன் வாங்கப் போகிறவர் எலும்புக்கூட்டு வாயிலைக் கடந்துதான் போகிறார், திரும்பிப் பார்ப்பதில்லை. ஒவ்வோர் ஊரும் மற்ற ஊரைத் தனக்குள் வைத்திருக்கிறது. நாம் எதைப் பார்க்க வந்தோம் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டதால் அது நம் கண்ணில் படுவதில்லை.

எனவே எது மேல் என்று தீர்ப்புச் சொல்வதைவிட, எதை எப்படிப் பார்ப்பது என்று சொல்வது நியாயம். வேலைப்பாட்டின் உயரத்தில் மாமல்லபுரத்துக்கு ஈடு இல்லை. அதில் வாதம் வேண்டாம். சென்னை எப்படி, ஏன் அங்கே வந்தது என்று அறிய விரும்புகிறவருக்குப் பழவேற்காடுதான் முதல் பாடம். தை மாதத்தில் ஒரு ஞாயிறு விடியலில் வடக்கே போங்கள். ஏலம் முடிந்ததும் ஏரியை விட்டுவிட்டுக் கல்லறைக்கு நடந்து, கல்லை நின்று பாருங்கள். அடுத்த ஞாயிறு பிற்பகலில் தெற்கே போங்கள். ரதங்களை முடித்துக்கொண்டு, வெயில் சாயும்போது தபசுப் பாறையின் முன் உட்கார்ந்து, அந்தப் பிளவில் நீர் இறங்குவதாக எண்ணிப் பாருங்கள். வடக்கே கல்லையும் தெற்கே நீரையும் பார்த்துத் திரும்பியவருக்குத் தராசு நேராக நிற்கும். இரண்டு ஊர்களுக்கும் போய்வர இரண்டே ஞாயிறுகள் போதும்.